விசாரணை அண்ணை எஸ்.எஸ்.டி. பார்க்கப் போனார்

விசாரணை அண்ணை விசாரிக்காமல் ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஒரு கழுத்திலும் தாலி ஏறியதில்லை. ஏறியிருந்தால் அது ஓடிப்போய்க் கட்டின கலியாணம்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். பெண் வீட்டார் "பொடியன் எப்பிடியாம்?" என்று கேட்டால் போதும், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்விடுவார். நேரே வீட்டுக்குப் போகமாட்டார். முதலில் தேத்தண்ணிக் கடை, பிறகு சலூன், பிறகு கோயில் கிணற்றடி. கூலி ஒரு மத்தியானச் சாப்பாடு. ஒருமுறை, மாப்பிள்ளை சலூன்காரரோடு வாய்த்தர்க்கப்பட்டான் என்ற ஒரே காரணத்துக்காக, மண்டபம் பிடித்த கலியாணத்தையே நிறுத்திவிட்டார்.

"கழுத்தில கத்தி வச்சிருக்கிறவனோடயே சண்டை பிடிக்கிறவன், பெண்சாதியோட சும்மா இருப்பானோ?"

கலியாணம் இல்லாத மாதங்களிலும் இந்த விசாரிக்கிற வருத்தம் அவரை விடாது. பஸ்ஸில் ஏறுமுன், இறங்குகிறவர்களிடம் டிரைவர் எப்படி என்று விசாரிப்பார். "நல்லாத்தான் ஓடுறார்" என்று பதில் வரும்போது பஸ் புளியங்குளம் தாண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட மனிசனிடம்தான் நான் என் கஷ்டத்தைச் சொல்லித் தொலைத்தேன்.

ஓமந்தையில், வீதியோரமாக, எனக்கு ஒரு கொமினிகேசன் இருக்கிறது. போட்டோக்கொப்பி, டைப்பிங், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில். காலையில் அதன் பொத்தானை அமத்திவிட்டு, கடையைக் கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்கு வைத்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுத்திக்கொண்டிருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க், கல்லுக்குள் மாட்டின உழவு மெசின் மாதிரி உறுமும்.

அந்த நேரம் பார்த்து உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. இனிக் கம்பஸ் விண்ணப்பம் தொடங்கும். என் கடைக்கு அதுதான் அறுவடை. அதே கிழமை வீதிக்கு மற்றப் பக்கம் ஒருவன் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புதுக் கொமினிகேசன் திறந்தான். சோற்றில் கை வைத்தால், கடையைப் பூட்டிவிட்டுச் சந்தையில் தேசிக்காய் கூறு போட்டு விற்கிற என்னையே காணத் தொடங்கினேன். அதிலும் ஒருவரும் வாங்குகிறார்கள் இல்லை.

மகள்தான் வழி சொன்னாள்.

"எஸ்.எஸ்.டி. ஒண்டு போடுங்கோ அப்பா. ஹார்ட் டிஸ்க் மாதிரித்தான், ஆனா உள்ளுக்குச் சுத்துற தட்டு இல்லை. டக்கெண்டு எழும்பும்."

வவுனியாவில் ரியாஸ் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்கு நானும் விசாரணை அண்ணையும் போனோம். நானா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று உலகத்துக்கே பெயர் தெரிந்தது. அதன் விலையைக் கேட்டதும் இருக்கக் கதிரை தேடினேன். அடுத்தது பெயர் அரைகுறையாகத் தெரிந்தது. மூன்றாவதற்குப் பெயரே இல்லை. ஆனால் இடம் இரண்டு மடங்கு, விலை ஆக மலிவு. நான் அதைத்தான் தடவிக்கொண்டு நின்றேன்.

"நானா, இது ஆருக்குக் குடுத்திருக்கிறியள்?" என்றார் விசாரணை அண்ணை.

"கனகராயன்குளத்தில ஸ்டூடியோ வச்சிருக்கிற ஒரு தம்பி கொண்டுபோனவர்."

"வா, போவம்."

"அண்ணை, நானாவையே கேக்கலாமே?"

"விசரா, தரகரிட்டக் கேட்டு ஆரும் பொம்பிளை குடுக்கிறதோ? சாமானை விசாரிக்கிறேல்லை. சாமான் போன வீட்டை விசாரிக்கோணும்."

கனகராயன்குளத்தில் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தியது, நான் எதிர்பார்த்தபடி, ஸ்டூடியோக்காரனின் வீட்டுக்கு முன்னாலுள்ள தேத்தண்ணிக் கடையில். அங்கிருந்த அக்கா அவரைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்தா.

"தங்கச்சி, முன்வீட்டில ஒரு கம்ப்யூட்டர் சாமான் வாங்கினவையாம். அதைப் பற்றி ஒருக்கா..."

"கம்ப்யூட்டராம்!" அக்கா சிரித்த சிரிப்பில் வடைத்தட்டு ஆடியது. "எங்களுக்கு விளங்காதே அண்ணை? பொடியன் தங்கம். வெத்திலை கூடப் போடமாட்டான்."

"இல்லைப் பிள்ளை, உண்மையா எஸ்.எஸ்.டி...."

"இவரோ பொம்பிளையின்ர தகப்பன்?" என்று அக்கா என்னை உச்சியிலிருந்து செருப்பு வரை பார்த்தா. "பரவாயில்லை."

சலூனிலும் இதே கதை. வாழ்நாளெல்லாம் கலியாணம் விசாரித்த மனிசன் கம்ப்யூட்டர் விசாரிக்கிறேன் என்றால் எந்த ஊர்தான் நம்பும்? நாங்கள் படலையைத் திறக்கமுன், பொடியனின் தாய் நல்ல சேலை மாற்றி, முற்றத்தில் கதிரை போட்டு, பயற்றம் பணியாரத்தோடு நின்றா. நான் கள்ள முழி முழித்துக்கொண்டு இரண்டு சாப்பிட்டேன்.

பொடியன் மட்டும் எங்களை நம்பினான். கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினான். கண் மூடித் திறக்கமுன் எழும்பியது. எனக்கு வாயில் நீர் ஊறியது.

"எடுக்காதேங்கோ ஐயா," என்றான். "எழும்பேக்க பறக்கும். பெரிய வீடியோ ஒண்டைக் கொப்பி பண்ணினா இடையில மூச்சு வாங்கும். ஒருக்காச் செத்தும் போச்சு, ஒரு கலியாணப் படம் முழுக்க அழிஞ்சு போட்டுது. நானா மாத்தித்தான் தந்தவர், ஆனா படத்தை ஆர் தாறது? உங்களுக்கு உவ்வளவு இடம் தேவையில்லை. நடுச் சாமானில சின்ன சைஸ் எடுங்கோ. மூண்டு வருச வரண்டி இருக்கோ எண்டு பாருங்கோ. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழட்டி எறியாதேங்கோ, சனத்தின்ர ஃபைல் எல்லாம் அதிலயே கிடக்கட்டும்."

விசாரணை அண்ணை என் காதுக்குள் குனிந்தார். "பாத்தியோ? தன்ர வீட்டுச் சாமானைத் தானே குறை சொல்லுறான். இவனுக்குப் பொம்பிளை குடுக்கலாம்."

அந்த நேரம் என் போன் அடித்தது. மனைவி.

"ஆரைக் கேட்டு என்ர பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கப் போனனீங்கள்?"

தேத்தண்ணிக் கடை அக்காவின் மச்சாள் எங்கள் அடுத்த வீடாம். நான் எஸ்.எஸ்.டி. என்றேன், வரண்டி என்றேன், அம்மாளாச்சி மேல் ஆணை என்றேன். பிறகு குரல் இறங்கி வந்தது.

"சரி. பொடியன் ஆள் எப்பிடி?"

மகள் போனைப் பறித்து, "அப்பா, சாமானை மட்டும் கொண்டு வாங்கோ!" என்று கத்தியதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. பொடியனின் தாயிடம் உண்மையைச் சொல்லுகிற வேலையை விசாரணை அண்ணையே ஏற்றார். பூவரசங்குளத்தில் ஒரு நல்ல பிள்ளை இருக்கு, விசாரிச்சுத் தாறன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது.

நானாவிடம் நடுச் சாமானில் சின்ன சைஸ் வாங்கி, கடையில் கம்ப்யூட்டருக்குள் பூட்டினோம். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் எழும்பியது. சத்தமில்லையே, செத்துவிட்டதோ என்று பயந்து இரண்டு தரம் பெட்டியில் காது வைத்துப் பார்த்தேன்.

ஆனால் கம்ப்யூட்டர் எழும்பினால் போதுமா? அது எழும்பிய செய்தி ஊருக்குத் தெரியவேண்டாமா? எல்லாரும் ஏசிக் கடைக்குத்தான் போவார்கள், இனித் தேசிக்காய்தான் என்று நினைத்துக்கொண்டு, விண்ணப்பம் தொடங்கிய அன்று வாடிய முகத்தோடு கடை திறக்கப் போனேன். பூட்டின கதவுக்கு முன்னால் பிள்ளைகளும் தாய்தகப்பன்மாரும் நிரையாக நிற்கிறார்கள்.

"அண்ணை, உங்கட கம்ப்யூட்டர் நல்ல வேகமாமே?" என்றா முன்னுக்கு நின்ற ஒரு அம்மா.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பஸ்ஸால இறங்க, ஒரு ஐயா கேட்டவர். 'பிள்ளை, உந்தக் கொமினிகேசன்காரனைத் தெரியுமோ? ஆள் நல்லவனாம், மெசினும் பறக்குதாம், உண்மையோ?' எண்டு. அதுதான் பாப்பம் எண்டு வந்தனாங்கள்."

பின்னுக்கு நின்றவர்களையும் அதே ஐயா அதே கேள்விதான் கேட்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வெயிலுக்குள், தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் பிடித்து விசாரித்துக்கொண்டு நின்றார் விசாரணை அண்ணை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். "பொறடா, யாழ்ப்பாண பஸ் இன்னும் வரேல்லை," என்றார்.

எனக்குக் கலியாணம் பேசின நாளில்கூட, என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக ஒருவரும் விசாரித்ததில்லை.