ஓரறை இராஜாங்கம்

சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும். பூதலூரில் இராஜாங்கத்துக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. வயல், வாய்க்கால் கரை, டீக்கடை, ரயிலடி பெஞ்சு. சென்னையில், பதினாலாவது மாடியில், மகன் இளம்பரிதி வாங்கியிருந்த ஸ்டுடியோ ஃபிளாட்டில் இருந்ததோ ஒரே ஓர் அறை. அதில் மனைவி அம்சமும் இருந்தாள்.

மகன் ஆபீஸ் வேலையாகப் புனேவுக்குப் போயிருந்தான். "வீடு பூட்டியே கெடக்க வேணாம்ப்பா. நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

"ஸ்டுடியோன்னா போய் நின்னமா, போட்டோ எடுத்தமா, வந்தமான்னு இருக்கணும். குடியிருக்கச் சொல்றானே!" என்று வந்த அன்றே புலம்பினார் இராஜாங்கம்.

வீடு என்னவோ அழகுதான். கட்டிலைத் தூக்கித் தள்ளினால் சுவருக்குள் போய் அலமாரியாக நிற்கும். அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்தால் சாப்பாட்டு மேசை வரும். மடக்குக் கதவைத் திறந்தால் அடுப்பு, மூடினால் வெறும் பலகை. கொல்லைக்கும் அடுப்படிக்குமாக நடந்தே முழங்கால் தேய்ந்திருந்த அம்சம், இங்கே நின்ற இடத்தில் சமைத்தாள், திரும்பின இடத்தில் கழுவினாள். பிறகு ஜன்னலோர மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் மேகம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி உட்கார்ந்ததே இல்லை.

இராஜாங்கம் நடந்தார். எட்டி வைத்தால் சுவர். திரும்பினால் இன்னொரு சுவர்.

"ஏங்க, செக்குமாடு மாதிரி சுத்தாதீங்க. எனக்குத் தலை சுத்துது."

"கட்டில் சுவத்துக்குள்ள போயிருது. மேசை அலமாரிக்குள்ள போயிருது. நான் எதுக்குள்ள போறது?"

"எல்லாமே அடங்கிப்போற வீட்டுல நீங்க ஒருத்தர்தான் அடங்க மாட்டேங்கிறீங்க."

ஒருநாள் குழம்பில் உப்பு கூடிப்போய்ப் பெரிய சண்டை. இராஜாங்கம் வீராப்பாக எழுந்து, அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே இடத்துக்குள் புகுந்து தாழிட்டார். குளியலறை. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"கோவம் முடிஞ்சுதா? வாளி வேணும்."

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். காத்தாட நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கி, கார்களுக்கு நடுவே நின்றுகொண்டு துரைராசுவுக்குப் போன் போட்டார். துரைராசு அவருடைய சித்தப்பா மகன். ஊரில் வயலைப் பார்த்துக்கொள்பவன்.

"தொரை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்குப் போன் பண்ணு. மோட்டார் எரிஞ்சுபோச்சு, நாத்து காயுது, ரெண்டு பேரும் ஒடனே வாங்கன்னு பதறு. உங்க அண்ணி காதுல விழணும்."

"மோட்டார் நல்லா ஓடுதேண்ணே?"

"அது ஓடட்டும்டா. நான் இங்கேருந்து ஓடி வரணும்!"

"சரிண்ணே. வேற போன் வருது, வச்சிர்றேன்."

வியாழக்கிழமையே போன் வந்துவிட்டது.

"அண்ணே! மேல மடை ஒடைஞ்சிருச்சு! நாத்தங்கால் பூரா தண்ணி! ஒடனே பொறப்பட்டு வாங்கண்ணே!"

கிறுக்குப் பயல், நாளையும் மறந்துவிட்டான், வசனத்தையும் மறந்துவிட்டான் என்று இராஜாங்கம் நினைத்துக்கொண்டார். ஆனால் குரலில் என்ன பதற்றம்! அவரும் சளைக்காமல் தலையில் கைவைத்தார்.

"அம்சம், மடை ஒடைஞ்சிருச்சாம்! நாத்து அழுகிரும்! கெளம்பு, கெளம்பு!"

"ஐயையோ!" என்று எழுந்தாள் அம்சம். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகப் போய்விட்டது. பக்கத்து ஃபிளாட் அனீஸாவிடம் ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அனீஸா டிக்கெட் போட்டுட்டா. காலைல ரயில். ஒரே ஒரு சீட்டுதான் கெடச்சுச்சாம்."

"அப்ப நீ?"

"நாத்து முக்கியமா, நான் முக்கியமா? நீங்க மொதல்ல போய் மடையைப் பாருங்க. பரிதி வந்ததும் நான் மெதுவா வர்றேன்."

இது அவர் திட்டத்தில் இல்லை. ஆனால் மறுத்துப் பேசினால் மடை பொய்யாகிவிடும். பையை எடுத்துத் துணிகளை அடுக்கினார். காலையில் புளிச்சோறு கட்டிக் கொடுத்து, லிப்ட் கதவு மூடும்வரை கவலை மாறாத முகத்தோடு நின்றாள் அம்சம்.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் அவருக்கு மூச்சு சீரானது. கண்ணுக்கு எட்டினவரை சுவரே இல்லை. தனியாகப் பொங்கித் தின்ன வேண்டுமே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. போகட்டும், ஜெயித்தாயிற்று!

பூதலூரில் இறங்கி, பையோடு நேரே வயலுக்குப் போனார். மடை ஒரு கீறல்கூட இல்லாமல் கல்லாட்டம் இருந்தது. வரப்பில் துரைராசு கையில் போனை வைத்துக்கொண்டு மணி பார்த்தபடி நின்றான். இவரைக் கண்டதும் திடுக்கிட்டான்.

"நாளையும் மாத்திட்டே, மோட்டாரை மடையாவும் ஆக்கிட்டே. போகட்டும், நடிப்பு பிரமாதம்டா தொரை!" என்று அவன் முதுகில் தட்டினார் இராஜாங்கம்.

துரைராசு தலையைச் சொறிந்தான்.

"நான் எதையும் மாத்தலையேண்ணே. உங்க மோட்டார் எரியுறதுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு. நேத்து ஒடைஞ்சது அண்ணி சொன்ன மடை."