வைத்தியருக்காக நான் குதித்த பாறை

பஸ் டைம் பார்த்து ஆட்டோ ஓட்டியவர்கள் உண்டு, ரயில் டைம் பார்த்து ஓட்டியவர்களும் உண்டு. கம்ப்யூட்டருக்குள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாமியாரின் டைம் பார்த்து ஷேர் ஆட்டோ ஓட்டியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கேளம்பாக்கம் 'வைத்தியர்'.

நான் படூரில் ரூம் எடுத்துத் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் எல்லோரும் ஒரே மந்திர விளையாட்டில் பைத்தியமாகக் கிடந்தோம். நாங்களெல்லாம் நெருப்பு, இடி என்று பழக, வைத்தியரின் சாமியார் காயம் ஆற்றும் மந்திரம் ஒன்றை மட்டுமே பழகினார். பத்து முறை போட்டால் சக்தி தீர்ந்துபோகும். அது மறுபடி ஊற, சாமியார் அரை மணி நேரம் மரத்தடியில் அசையாமல் உட்கார வேண்டும். அதற்குள் இவர் கோவளம் போய்த் திரும்புவார். வண்டி நிரம்பாவிட்டாலும் கிளம்பிவிடுவார்.

"இன்னா நைனா, உன் சாமியாரு நூத்துக்கு எத்தினில கீறாரு?" என்பார் கோவளத்து மீன்காரம்மா.

"தொண்ணூறு தாண்டிட்டாருக்கா!"

இதில் ஒரு சிக்கல். அடிபட்டவனுக்குப் போட்டால்தான் திறமை ஏறும். அடிபட்டவன் கிடைக்காத நாளில் விளையாட்டில் என் வீரன்தான் பலிகடா.

"மச்சான், அந்தப் பாற மேல ஏறிக் குதி."

"இப்பதானேண்ணே குதிச்சேன்!"

"அதான் நான் கீறேன்ல? குதி!"

குதிப்பேன், கால் ஒடியும், ஆற்றுவார். மறுபடியும் ஏறுவேன்.

ஒன்றரை வருஷத்தில் நூறைத் தொட்டார். அன்று ஆட்டோவில் ஏறியவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு. நூறு வந்தால் செத்தவனை எழுப்பும் மந்திரம் கிடைக்கும். ஆனால் ஒரே ஒருமுறை அதைப் போட்டாலும் சேர்த்த திறமை மொத்தமும் பூஜ்யமாகிவிடும்.

"போட்டாத்தானே போவும்? போடவே மாட்டேனே!" என்றார்.

அடுத்த வாரமே என் வீரனை ஒரு டிராகன் கொன்றது. பத்து நிமிஷத்துக்குள் எழுப்பாவிட்டால் அவன் அடியோடு அழிந்துபோவான். மந்திரத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் போன் போட்டேன்.

"அண்ணே, செத்துட்டேன்."

"எங்க?"

"குகை வாசல்ல. சும்மா சொல்லணும்னு தோணிச்சு."

போன் கட்டானது. அவர் அப்போது கோவளத்திலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு ஸ்டாப்பிலும் நிற்கவில்லையாம்.

"முறுக்குனான் பாரு, என் கூடையில செத்துக் கெடந்த வஞ்சிரமே துள்ளிச்சு!" என்றபடியே மீன்காரம்மா அவர் பின்னாலேயே சென்டருக்குள் நுழைந்தார்.

ஒரு நிமிஷம்தான் பாக்கி. வைத்தியர் உட்கார்ந்தார். அந்த நூறை ஒருதரம் பார்த்தார். பட்டனைத் தட்டினார். என் வீரன் எழுந்து நின்றான், நூறு பூஜ்யமானது.

"ஒன்றரை வருஷம்ணே..."

"போனா போவுது. நீ செத்துப் பூட்டின்னா பாற மேலேந்து எவன் குதிப்பான்?"

அன்றைக்கு மட்டும், அவர் சொல்வதற்கு முன்பே நான் பாறை மேல் ஏறிக் குதித்தேன்.