மெத்தைப் பெருந்தகை கல் காக்கப் புறப்பட்டது

வாழ்க மெத்தைப் பெருந்தகை! அலாரம் என்னும் அரக்கன் மும்முறை அலறியும் அசையாத திண்தோளன். எண்திசையையும் ஒரே கொட்டாவியில் விழுங்கவல்ல அகல்வாயன். கல்லூரியின் மூன்றாமாண்டில் கால்வைத்த பின்னும் முதலாண்டுத் தாள்கள் இரண்டைப் பிரிய மனமின்றிப் பற்றியிருக்கும் பேரன்பன். உடன் பயில்வோர் அன்போடும், பேராசிரியர் அன்பில்லாமலும் 'மெத்தை' என்றே அழைக்கும் ஆண்தகை! அவன் போர்ப்பரணி பாடப் புகுந்தோம். சோம்பலே, தாயே, எங்களுக்காக நீ எழுந்து வர வேண்டாம். படுத்த இடத்திலிருந்தே அருளினால் போதும்.

மெத்தை ஏற்கெனவே ஒரு வேலை பார்த்தான் என்பதை அவன் பகைவரும் மறுக்கார். வாரத்தில் மூன்று காலைகள் கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் அருந்தொழில் அது. கீழ்த்தட்டுப் புத்தகங்களையும் குனியாமல் மேல்தட்டிலேயே செருகிவிடும் நுண்கலையை அந்நூலகம் அவனால்தான் அறிந்தது. அந்த வேலை அவனுடைய தனியறையின் வாடகையில் பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. மறுபாதியைத் தாங்கி வந்த அக்கா, ஒரு ஞாயிறன்று அவன் அறைவாசலில் நின்று முரசறைந்தாள்.

"இனிமே என்னால முடியாதுடா. சனிக்கிழமைக்குள்ள இன்னொரு வேலை பாரு. இல்லன்னா அறையைக் காலி பண்ணிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு. சாயங்காலம் மாமா கடையில துணி மடிக்கலாம்."

மாமாவின் சலவைக்கடை! பத்து இயந்திரங்கள் ஒருசேர முழங்க, நீராவி எழுந்து நெற்றியை நனைக்க, மடிக்க மடிக்கக் குறையாத வெண்துகில் மலைகள் நிமிர்ந்து நிற்கும் கொடுங்களம்! அக்கா வீடோ அதனினும் கொடிது. எட்டு வயது இரட்டையர் உறக்கத்திலும் உதைத்துப் போர்புரியும் கட்டிலில் மூன்றாமவனாக அவன் ஒண்ட வேண்டும். தாழிட்டால் உலகமே அடங்கிவிடும் அந்தக் கதவும், சன்னலோரக் கட்டிலும் கைவிட்டுப் போய்விடும் என்று எண்ணியபோது மெத்தைக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"வேலை கொள்வேன்! ஆயினும் டென்ஷன் துளியும் உள்ள வேலையைத் தொடேன்!" என்று தலையணைமீது கைவைத்துச் சூளுரைத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். இவனோ கோணலை அளக்க ஒரு கருவியும் கண்டுபிடித்தான். அது அவனுடைய இடது மணிக்கட்டு. படுத்திருக்கையில் நாடி நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. எந்த வேலையிடத்தில் அது எண்பதைத் தாண்டுகிறதோ அந்த வேலை தகுதியற்றது என்று சட்டம் இயற்றி, திங்களன்று, அதாவது திங்கள் கழிந்து செவ்வாயன்று, திக்குவிசயம் புறப்பட்டான்.

பல் மருத்துவரின் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போனான். அந்தச் சிறுமி "இது எப்படி வந்துச்சு?" என்ற ஒற்றைக் கணையை ஏவ, நாடி தொண்ணூற்றைத் தொட, புறமுதுகிட்டான். வழக்கறிஞர் வீட்டு நாயை உலாவ அழைத்துப் போனான். நாய் அவனை மூன்று தெரு உலாவ அழைத்துப் போயிற்று. கயிற்றைப் பிடிக்க இரு கையும் தேவைப்பட்டதால் நாடியை அளக்கவே முடியாமற்போக, அளக்க முடியாத வேலை ஆபத்தானது என்று தீர்ப்பளித்தான். பூக்கடைக்காரர் முன் அமர்ந்து, நின்றுகொண்டு விற்க வேண்டுமா, மழை பெய்தால் விடுமுறை உண்டா, வாளியை யார் தூக்குவது என இருபத்துமூன்று வினாக்களைத் தொடுக்கத் தொடங்கினான்.

பதினேழாவது வினாவில் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தம்பி, நீ வேலை கேக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

நாடி நூற்றைக் கடந்தது.

வெள்ளிக்கிழமை, பக்கத்து அறைக்காரன் நற்செய்தி கொணர்ந்தான். அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில் பாறைகளும் தாதுக்களும் வைத்திருக்கும் கூடத்துக்கு, மாலை நான்கு முதல் ஏழு வரை உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அன்று நான்கு மணிக்கு மேலாளர் அம்மையார் நேரில் வந்து ஆளைத் தேர்ந்தெடுப்பாராம். "கல்லு எங்கடா ஓடப்போகுது?" என்று சொல்லி, அவனே வழிகாட்டவும் கூட வந்தான்.

மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்கக் கூடத்துள் புகுந்தான் மெத்தை. ஆகா! கண்ணாடிப் பேழைகளுக்குள் கோடியாண்டுகளாக அசையாது கிடக்கும் கற்கள். இவனுக்கு வாய்த்த உற்ற உறவினர்! கைப்பிடியும் திண்டும் உடைய நாற்காலி. தலைக்குமேல் தென்றலென மின்விசிறி. பார்வையாளர் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து பதினொரு நாள் பழையது. மணி நான்காகப் பத்து நிமிடம். உள்ளம் உருக மணிக்கட்டைப் பற்றினான். நூற்றுப் பதினெட்டு!

படியேறிய நாடி அது என்று நாய்க்கும் தெரியும். மெத்தைக்கும் தெரிந்தது. ஆயினும் சட்டம் இயற்றியவனே சட்டத்தை மீறலாமா? நீதி வழுவா நெறியாளனாகிய அவன், இளைப்பாறி மீண்டும் அளந்த பின்பே இவ்வேலையை ஏற்பதென்று முடிவு செய்தான். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நீள்பலகை கிடந்ததைக் கண்டு வைத்திருந்ததும் அம்முடிவுக்கு உதவிற்று.

"டேய், நான் வர்ற வரைக்கும் இந்த நாற்காலியில உக்காந்திரு. வேற எவனும் வந்து உக்காந்துடப் போறான்" என்று தோழனைக் காவல் நிறுத்தி, பலகையில் நீண்டு, கண்களை மூடினான்.

விழித்து அளந்தபோது நாடி எழுபது! கட்டிலிலும் காணாத வெற்றி! மார்பு நிமிர்த்தி, படி அதிர நடந்து, "கற்களே, உங்களை ஏற்றேன்!" என்று முழங்கியபடி கூடத்துள் நுழைந்தான். மணி நாலே முக்கால். நாற்காலியில் இருந்த தோழன் பதறி எழுந்தான். அவன் சட்டையில் ஊழியர் அட்டை தொங்கியது.

"நான் எதுவும் கேக்கலடா. அந்தம்மா வந்தாங்க, நாளையிலருந்து வர முடியுமான்னாங்க. முடியும்னு வாய்தவறி சொல்லிட்டேன். வேலை கேட்டு வந்தவன் இவன்தான்னு உன்னைக் காட்டலாம்னா, ஆளையே காணோமே."

முடிசூடச் சென்று முடியிழந்த மெத்தையின் நெஞ்சுக்குள் அப்போது எழுந்த ஓலத்தை எந்தப் பரணியில் பாடுவோம்! தாழிட்ட கதவு கண்முன் தோன்றி மறைந்தது; சன்னலோரக் கட்டில் கையசைத்து விடைபெற்றது; கோடியாண்டுக் கற்களும் இரக்கத்தால் ஒருமுறை அசைந்தனவோ என ஐயுறும்படி அவன் கண்களில் நீர் திரண்டது; அப்போதும் அவன் வலக்கை, பழக்கதோஷத்தால், இடது மணிக்கட்டைத் தேடிச் சென்று எண்ணத் தொடங்கியது; எண்ணிக்கை நூற்றைத் தாண்டி, நூற்றிருபதைத் தாண்டி, எண்ணுவோன் எண்ணும் ஆற்றலையும் தாண்டிப் பாய்ந்தது.

மறுநாள் சாயங்காலம் அவன் மாமா கடையில் போர்வை மடித்தான்.