நடுங்காத கை

"யாரு கை இது?" என்று கேட்டாள் ரஸ்மியா.

மிஸ்பா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். ஒரு தட்டு, அதில் ஒரு காபிக் கோப்பை, தட்டை ஏந்திய இரண்டு சின்னக் கைகள். இன்று அவருக்கும் மனைவி ரஸ்மியாவுக்கும் கல்யாண நாள். மத்தியான விருந்துக்குள் படத்துக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

"உன் கைதான். வேற எவ கையை நான் வரையப் போறேன்?"

"என் கையில மருதாணி ஏது?"

மிஸ்பா ஓவியர் இல்லை. ஸல்த் ஊருக்கும் தலைநகர் அம்மானுக்கும் இடையே காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் நாளைக்கு ஒரே ஒரு காபிதான் என்று சொல்லிவிட்டார். மனுஷன் என்ன செய்வார்? குடிக்காதே என்றுதானே சொன்னார், தொடாதே என்று சொல்லவில்லையே! அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். காபியைத் தவிர வேறு சாயமே கிடையாது. நீர்த்த காபி தோலுக்கு, சுண்டக் காய்ச்சியது நிழலுக்கு, அடியில் தங்கும் வண்டல் கோட்டுக்கு. பஸ், கழுதை, மலைச்சரிவு வீடுகள் என்று வீட்டுச் சுவரெல்லாம் காபியில் போட்ட ஏலக்காய் மணத்தது.

ஆனால் அவர் வரைய ஆசைப்பட்டது இந்த ஒரு படத்தைத்தான்.

பெண் பார்க்கப் போன அன்று நல்ல மழை. மண்ணெண்ணெய் அடுப்பின் கதகதப்பு, ஈரக் கம்பளி வாசனை, பெரியவர்கள் ஆட்டு விலை பேசிக்கொண்டிருக்கும் சத்தம். மிஸ்பா வெட்கத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் மூக்குக்குக் கீழே ஒரு தட்டு வந்து நின்றது. மருதாணி வைத்த சின்னக் கைகள். வலது சுண்டு விரல் மட்டும் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது. தட்டில் கோப்பை ஒரு சத்தம் போட வேண்டுமே, ஊஹூம்! அப்படி ஒரு நிதானம். இந்தக் கையை நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்.

கேட்க ஆள் கிடைத்தால் இந்தக் கதையை அவர் சொல்லாமல் விடமாட்டார். ரஸ்மியாவோ, கதை ஆரம்பித்ததுமே அடுப்பில் என்னமோ தீயுது என்று எழுந்து போய்விடுவாள்.

"எனக்கு மருதாணி ஆகாது. வச்சா கை தடிச்சுப் போகும். நம்ம கல்யாணத்துக்கே நான் வைக்கல. மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கையில் மருதாணியை அவர் பார்த்ததே இல்லைதான்.

"ஆனா நான் என் கண்ணால பார்த்தேனே!"

"எந்த வீட்டுல பார்த்தீங்க? எங்க வீட்டுக்கு முன்னாடி வேற எத்தனை வீட்டுல காபி குடிச்சீங்க?"

"ஒரே ஒரு வீடுதான்" என்றார் மிஸ்பா. உண்மை பேசுகிறவனுக்கு நேரம் காலம் தெரிவதில்லை.

"கேட்டியா லமீஸ்! உங்க வாப்பா வாயாலேயே வந்துடுச்சு!"

"உம்மா, படத்துக்குப் போய் ஏன் இப்படிப் பதறுறே?" என்றாள் மகள்.

"பதறாம? குவைத்திலேருந்து இத்தனை வருஷம் கழிச்சு என் தம்பி தியாப் விருந்துக்கு வர்றான். அவன் கண்ணுல இது படணுமா? அழிங்க, அவன் வர்றதுக்குள்ள அழிங்க!"

மிஸ்பா ஈரப் பஞ்சால் மருதாணியை ஒற்றி எடுத்தார். அது போகவில்லை. கரைந்து கை முழுக்கப் பரவியது.

லமீஸ் எட்டிப் பார்த்தாள். "வாப்பா, இப்ப இது பஸ் மெக்கானிக் கை."

"சுண்டு விரலும் கோணல்" என்றாள் ரஸ்மியா, தன் விரலை நேராக நீட்டிக் காட்டி. "எனக்கு எங்கே கோணல்? அதையும் மாத்துங்க."

மாற்றுவதற்குக் காபி வேண்டுமே! மருதாணியைப் பார்த்த கோபத்தில் காபி டப்பாவைத் தூக்கி அலமாரியில் பூட்டிவிட்டாள், மகராசி. மிஸ்பா படியிறங்கி எதிர்க் கடைக்குப் போனார். "அபூ லமீஸுக்கு இல்லாத காபியா!" என்று லமீஸின் வாப்பாவை மகள் பேரால் அழைத்து, கடைக்காரர் பாசத்தோடு சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். டாக்டர் பேச்சைத் தட்டாத மிஸ்பா அதை ருசி பார்க்கவில்லை. விரலை நேராக்கி, படத்தை ஜன்னலோரம் காயவைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

திரும்பி வந்தபோது சுண்டு விரல் நகர்ந்துகொண்டிருந்தது. அத்தனையும் எறும்பு!

ஊதினார். போகவில்லை. துண்டால் தட்டினார். விரல் மணிக்கட்டு வரை இழுபட்டு, காகிதமும் கிழிந்தது.

"போகட்டும் விடுங்க" என்றாள் ரஸ்மியா. காலையிலிருந்து இப்போதுதான் அவள் முகம் தெளிந்தது. "படம் என்ன பெரிய படம்! தூக்கி உள்ளே போடுங்க."

மிஸ்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "படம் போனா போகுது. அந்தக் கை யாரோடதுன்னே இப்ப எனக்குத் தெரியலையே ரஸ்மியா. பஸ்ஸுல பிரேக் போன அன்னிக்குக்கூட அந்தக் கையைத்தான் நினைச்சுக்கிட்டேன். அதுவே பொய்யின்னா, நான் எதை நம்பி இவ்வளவு காலம்..."

ரஸ்மியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பொய்யெல்லாம் இல்ல" என்றாள் மெதுவாக.

வாசலில் கார் சத்தம் கேட்டது. தியாப் வந்தான். எருமை மாதிரி வளர்ந்திருந்தான். மச்சானைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். மன்ஸஃபு தாம்பாளம் வந்தது. சோறும் கறியும் தயிர்க் குழம்புமாக எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தியாப் மட்டும் நான்கு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான். மிஸ்பாவுக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. கை கழுவிவிட்டு, முன்னறையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

அடுக்களையில் லமீஸ் காபி ஊற்றும் சத்தம் கேட்டது. இன்றைக்கு அவருக்கு உரிய அந்த ஒரே காபி.

"கொடு புள்ள, நான் கொண்டு போறேன்" என்றான் தியாப்.

"தியாப்! நீ வேண்டாம்! நீ உட்காரு!" என்று ரஸ்மியா அலறினாள்.

அதற்குள் மிஸ்பாவின் மூக்குக்குக் கீழே ஒரு தட்டு வந்து நின்றது. ஏலக்காய் வாசனை. கோப்பை துளிச் சத்தம் போடவில்லை. ரோமம் அடர்ந்த தடித்த கைகள், தங்கக் கடிகாரம். வலது சுண்டு விரல் மட்டும் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

மிஸ்பா கோப்பையை எடுக்கவில்லை. விரலைப் பார்த்தார். மைத்துனன் முகத்தைப் பார்த்தார். அடுக்களை வாசலில் முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்ற ரஸ்மியாவைப் பார்த்தார்.

"என்ன மச்சான் அப்படி முழிக்கறீங்க?" என்றான் தியாப். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கும் இதே கையிலேருந்துதானே எடுத்துக் குடிச்சீங்க? முந்தின நாள் கல்யாண வீட்டுல சின்னப் பையன்னு எனக்கு மருதாணி வேற பூசி விட்டிருந்தாளுங்க... அக்காதான் உங்களைப் பார்த்த சந்தோஷத்துல கை நடுங்கி, ரெண்டு தட்டுக் காபியைக் கொட்டிட்டு அடுப்படியை விட்டு வரவே இல்லையே!"