மணிக்குப் பதினைந்து பாட்டு

நடந்தவை, ஒழுங்காக:

1. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஒரு பெண் வன்னியில் எங்கள் ஊரான முரசுமோட்டைக்கு வந்து, எங்கள் வாய்க்கால் ஓரத்தில் குடியேறினார்.
2. ஒரு வருடத்துக்குள் அந்த ஓரத்து மணிக்கூடுகள் எல்லாம் பதவி இழந்தன.
3. என் அப்பா எதிர்த்தார்.
4. அப்பா தோற்றார்.

இரண்டாவதை விளக்க வேண்டும். இந்த உலகத்தில் நேரத்தைப் பாட்டால் அளந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "மூணு பாட்டு பொறுங்க" என்பதால் எல்லோருக்கும் அவர் மூன்று பாட்டக்கா.

அவர் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்தில் சங்கு ஊதினால் வேலை, திரும்ப ஊதினால் சாப்பாடு. வன்னியில் சங்கு இல்லை. அவரிடம் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. சினிமாப் பாட்டு ஒன்றுக்கு நாலு நிமிடம். ஆகவே மணிக்குப் பதினைந்து பாட்டு. சோறு வேக ஆறு பாட்டு. ஆனையிறவுக்கு பஸ்ஸில் எட்டுப் பாட்டு, சாரதி சந்தோஷமாக இருந்தால் ஏழு. விளம்பரம் கணக்கில் சேராது. செய்தி வாசிக்கும்போது நேரம் ஓடவே ஓடாது. அதற்குள் பென்சில் சீவிக்கொள்ளலாம்.

அவருடைய மகள் செல்வி என் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர்கள் வீட்டில்தான் வீட்டுப்பாடம் செய்வேன். கிணற்றுக்கட்டில் வெயிலில் காய்ந்த பற்றரிகளை அக்கா ரேடியோவுக்குள் திணித்துக் கட்டளையிடுவார்: "அஞ்சு கணக்கு, ஆறு பாட்டு. ம், தொடங்குங்க!" பற்றரி இறங்கி ரேடியோ முனகத் தொடங்கினால் காதை அதோடு ஒட்டிவைத்துக்கொண்டு எங்களுக்காகக் கேட்பார். "ரெண்டாவது சரணம் வந்துருச்சு. கையி ஏன் நிக்குது?"

ஒரு நாள் யாரோ பெரியவர் காலமாகி, ரேடியோ நாள் முழுக்க வீணை வாசித்தது. வீணைக்குச் சரணமும் இல்லை, முடிவும் இல்லை. எங்களை நிறுத்தச் சொல்ல ஒரு பாட்டும் இல்லாததால் திரிகோண கணிதம் ஓர் அத்தியாயம் முழுவதையும் செய்து முடித்தோம். அடுப்பில் சோறு கஞ்சியாகி, கஞ்சி பசையானது. "செத்தவருக்குப் புண்ணியம் கெடைக்கட்டும். எம்புட்டுக் கணக்கு செஞ்சிருக்கீங்க!" என்றார் அக்கா.

சிக்கல் செல்வியின் கொப்பியால் வந்தது. 'புகையிரதம் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும்?' என்ற கணக்குக்கு அவள், 'நாற்பத்தைந்து பாட்டு' என்று விடை எழுதிவிட்டாள். சரியான விடை மூன்று மணித்தியாலம். ஆசிரியர் சிவப்பு மையில் எழுதினார்: 'விடை சரி. அலகு பிழை.'

கொப்பி ஊர் சுற்றி என் அப்பாவின் கைக்கு வந்தது. அப்பா தபாற்கந்தோர்க்காரர், கைக்கடிகாரத்துக்குக் காலை ஆறு மணிக்குச் சாவி கொடுத்த பிறகுதான் பல் விளக்குவார். நேரே அக்காவின் வேலிக்குப் போனார்.

"இஞ்சை பாருங்கோ தங்கச்சி, கணக்குச் செய்யேக்கை பாட்டுக் கேட்டால் மண்டைக்குள்ளை என்ன ஏறும்?"

"பாட்டு இல்லாம நேரம் எப்புடிங்கய்யா தெரியும்?"

"மணிக்கூடு எண்டு ஒண்டு இருக்குது!"

"அது சும்மா சுத்திக்கிட்டே இருக்குமுங்க. பாட்டுதான் முடியும்."

அப்பா வேலியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார். அந்தக் கோபத்தை என்னிடம் கொண்டுவந்தார். "சாதாரண தரப் பரீட்சையிலை கணக்குப் பிழைச்சுதெண்டால் தொழில்நுட்பக் கல்லூரிக் கதையே இல்லை. அந்த வீட்டு வாசலும் மிதிக்கக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் அப்பா."

அளவுகோல் வைத்துப் படம் வரையும் வேலை ஒன்றைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. அதற்கு வழி அந்தக் கல்லூரி. அந்த வீடும் எனக்கு வேண்டும். வாசல் மிதிக்காமல், வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே பாட்டை எண்ணிப் படித்தேன்.

கணக்குப் பரீட்சை அன்று அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். "மண்டபத்திலை ரேடியோ இல்லை. இதைப் பார்."

பத்துக் கேள்வி, மூன்று மணித்தியாலம், தொடக்கம் ஒன்பது மணி. ஐந்தாவது கேள்வியை முடித்து நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பது இருபது. நான் சுமாரான கெட்டிக்காரிதான். இருபது நிமிடத்தில் ஐந்து கணக்குச் செய்யுமளவுக்கு அல்ல. கடிகாரத்தைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. மகளின் பரீட்சைப் பதற்றத்தில் அப்பா அன்று பல் விளக்கியிருக்கிறார். சாவி கொடுக்க மறந்திருக்கிறார்.

அப்போதுதான் கவனித்தேன்: என் தலைக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கத்திலிருந்தே, எண்ணிக்கை தவறாமல். பதினெட்டு முடிந்திருந்தது. மிச்சம் இருபத்தேழு. ஐந்து கேள்விக்கும் ஐந்தைந்து பாட்டு, சரிபார்க்க இரண்டு.

இருபத்திரண்டாம் பாட்டில், என் உதடு அசைவதைக் கண்டு மேற்பார்வையாளர் என் மேசையடியில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, பாட்டுப் படிக்கிறீரோ?"

"இல்லை சேர், மணி பாக்கிறன்."

அவர் என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த மேசைக்குப் போனார். நாற்பத்தைந்தாம் பாட்டின் கடைசிச் சரணத்தில் மணி அடித்தது. நான் பேனையை மூடிவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். அப்பா கடிகாரத்தை வாங்கி, நெடுநேரம் சாவி கொடுத்தார்.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அவர்தான் சைக்கிளில் பாடசாலைக்குப் போனார். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டி நேரே அக்காவின் வேலியில் சைக்கிளைச் சாத்தினார். நானும் பின்னால் ஓடினேன். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"தங்கச்சி... டீ!"

"இருங்கய்யா, ரெண்டு பாட்டுல போட்டுத் தாரேன்."

"தேத்தண்ணி இல்லை! கணக்குக்கு டீ! என்ரை பிள்ளைக்கு! அதிவிசேட சித்தி, ஆக உயர்ந்த பாஸ்! செல்விக்கு சீ!"

"எம்புள்ளைய ஏங்கய்யா சீங்கிறீங்க?"

"திறமைச் சித்தி, தங்கச்சி! நல்ல பாஸ்!"

அக்கா ரேடியோவை நிறுத்தினார். பாட்டின் நடுவில் அவர் அதை நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"வருசக்கணக்கா கொழுந்து பறிச்சேனுங்க. அத்தன டீயும் கப்பல்ல போயிருச்சு. இந்த ஒண்ணுதான் நம்ம வீட்டுக்கு வந்திருக்கு" என்றார். 'நம்ம வீடு' எது என்று அப்பா கேட்கவில்லை.

இன்றைய நிலை இது. செல்வி முல்லைத்தீவில் ஆசிரியை. நான் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைகிறேன், அலகு பிழைப்பதில்லை. பிள்ளைகள் பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொதுவிடை இல்லை. அப்பா பின்னேரங்களில் வேலியடியில் நின்று, "தங்கச்சி, இப்ப எத்தினையாம் பாட்டு?" என்று கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார். சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. டீ, மூன்று பாட்டக்காவுடையது.