பேரிடிவேந்தர் இருபத்தைந்தாம் வீரரைத் தேடிய வரலாறு

எழுக, உலகத்தீரே! எழ மனமில்லாதோர் சாய்ந்தபடியே செவி கொடுப்பீராக! இரு கட்டைவிரல்களால் ஏழு உலகம் வென்றவரும், ஒரு முதுகுவலியால் மட்டுமே வெல்லப்பட்டவரும், உறை கிழிந்து பஞ்சு எட்டிப்பார்க்கும் சுழல்நாற்காலியைச் சிங்காதனமாய்க் கொண்டவரும், செங்கழுகுப் படையின் நிறுவனரும் நிரந்தரத் தலைவருமாகிய பேரிடிவேந்தரின் புகழைப் பாடத் துணிந்தோம். மாடிப்படித் திருப்பத்தில் தூசு போர்த்து வீற்றிருக்கும் வைஃபைப் பெட்டியே, பச்சைக்கண் பரம்பொருளே, பாடி முடிக்கும்வரையாவது நீ சிவந்து அணையாதிருப்பாயாக!

பேரிடிவேந்தர் என்பது இணைய விளையாட்டில் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட திருநாமம். திரைக்கு வெளியே அவர் ஒரு பார்சல் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில், பொருளைத் தொலைத்தவர்களுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதும் எழுத்தர். அங்கே அவருக்குப் பெயர் ‘மூணாவது டேபிள்’. வீட்டில் ‘என்னங்க’. இப்பரந்த பூமியில் ஒரே ஓர் இடத்தில்தான், அந்த ஒளித்திரைக்குள்தான், இருபத்து மூன்று பேர் அவரைத் ‘தலைவா’ என்று அழைத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் காலையில் எழுந்தார், பேருந்தில் நசுங்கினார், மேலதிகாரியின் இருமலைப் பொறுத்தார். இதைச் சொல்லும்போது நமக்கே நெஞ்சு சற்று இளகுகிறது. ஆனால் காவியம் பாட வந்த இடத்தில் இளகிக்கொண்டிருக்க முடியாது.

அத்தகைய படைக்கு வந்தது ஓர் ஆபத்து. கடலடிக் கோட்டையில் உறங்கும் ஏழுதலை நாகத்தை இப்பருவத்துக்குள் வெல்லாத படைகள் யாவும் கலைக்கப்படும் என்று விளையாட்டை நடத்துவோர் அறிவித்தனர். கோட்டைக் கதவு திறப்பதோ ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒரே ஒரு முறை; அதுவும் சரியாக இருபத்தைந்து பேர் வாசலில் நின்றால் மட்டுமே. செங்கழுகுப் படையில் தலைவரையும் சேர்த்து இருபத்து நான்கு பேர். ஓர் ஆள் குறைந்தது. ஒரே ஓர் ஆள்! நாகத்தின் ஏழு தலைகளுக்கும் நடுங்காத வேந்தர் அந்த ஒற்றை எண்ணுக்கு நடுங்கினார்.

ஏன் குறைந்தது என்று கேட்பீராயின், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. வேந்தர் பணிபுரியும் அலுவலகத்தில் ஒரு நடைமுறை இருந்தது. புகார் கொடுத்தவர் மூன்று நாள் பதில் அனுப்பாவிட்டால், பார்சல் கிடைத்ததோ இல்லையோ, அவருடைய புகார் தானாகவே முடித்துவைக்கப்படும். மனிதக் கை படாமல் கோப்புகள் மூடிக்கொள்ளும் அந்தப் பேரழகில் வேந்தர் மயங்கினார். அதையே தம் படைக்கும் சட்டமாக்கினார். மூன்று முழு நாள் விளையாட்டுக்குள் தலைகாட்டாத எவரும், எக்காரணம் கொண்டும், தானாகவே நீக்கப்படுவர். நீங்கியவர் தலைவராயிருப்பின், அவ்வாரத்தில் படைக்களஞ்சியத்துக்கு மிகுதியாய்ப் பங்களித்தவர் தலைமையேற்பார். இந்த இரண்டாம் வரியை எழுதும்போது வேந்தர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படியொரு நாள் வரப்போவதில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. இச்சட்டத்தின் கூர்வாளுக்கு இரையானோர் பலர்: பரீட்சை எழுதப் போன ஒருத்தி, பிள்ளை பெறப் போன இன்னொருத்தி, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாலாம் நாள் திரும்பி வந்து, ‘என்ன தலைவா, என்னத் தூக்கிட்டீங்களா?’ என்று கேட்ட ஒரு வெல்டிங் தொழிலாளி. சட்டத்துக்கு முன் எல்லோரும் சமம் என்று அவருக்குப் பதில் அனுப்பப்பட்டது.

ஆள்சேர்ப்பு தொடங்கியது. ஆகா, அந்த அறிக்கையின் கம்பீரத்தை என்னென்பது! “வீரம் விளைந்த நெஞ்சினரே! வாளொடு வருக! வரும்போது விண்ணப்பத்தை முழுமையாய் நிரப்பி வருக!” என்று விளையாட்டுத் தளங்களிலும், அலுவலக லிஃப்டின் உட்சுவரிலும், மனைவிவழி உறவினரின் வாட்ஸ்அப் குழுவிலும் அது முழங்கிற்று. லிஃப்டில் ஒட்டியதன்மேல் யாரோ பழைய வாஷிங்மெஷின் விற்பனைக்கு என்று ஒட்டிவிட்டுப் போனார்கள்.

விண்ணப்பத்தில் நாற்பது கேள்விகள். உமது வாளின் எடை யாது, இதற்கு முன் எப்படையிலிருந்து எதற்காக வெளியேறினீர், தோல்வியை எவ்வாறு எதிர்கொள்வீர், இருநூறு சொற்களுக்கு மிகாமல் விளக்குக. முப்பத்தேழாம் கேள்வியே வேந்தரின் உள்ளங்கவர்ந்த கேள்வி: ‘பெரும்போரின் நடுவே இல்லத்தார் அழைத்தால் எழுந்து செல்வீரோ?’ எழேன் என்பதே அதற்குச் சரியான விடை. பத்தொன்பது பேர் விண்ணப்பத்தைத் திறந்தனர். ஒன்பதாம் கேள்வியிலேயே பாதிப் பேர் புறமுதுகிட்டனர். இறுதிவரை தாக்குப்பிடித்த ஒரே மாவீரரை வேந்தர் தொலைபேசி நேர்காணலுக்கு அழைத்து, அலுவலக வழக்கப்படி, ‘சற்றே காத்திருக்கவும்’ என்று இன்னிசை ஒலிக்கவிட்டு மதிப்பெண்களைக் கூட்டினார். கூட்டி முடிப்பதற்குள் அந்த மாவீரர் வேறொரு படையில் சேர்ந்து, கேடயமும் வாங்கிவிட்டார்.

புதன்கிழமை மாலை. வேந்தர் தலையில் கைவைத்து வீற்றிருந்த வேளையில், முழங்கால் வைத்தியத்துக்காக மகள் வீட்டில் தங்கியிருந்த மாமியார் கதவோரம் வந்து நின்றார். முப்பத்தோராண்டு மருத்துவமனையில் செவிலியாயிருந்து, தலைமைச் செவிலியாக ஓய்வு பெற்றவர். அவரது செருப்பொலி கேட்டால் பெரிய டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிசெய்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

“ஆள் கெடைக்கலன்னா நான் வரட்டுமா மாப்பிள்ளை? சும்மாத்தான உக்காந்திருக்கேன்.”

“அத்தை, இது வெளையாட்டு இல்ல.”

“வெளையாட்டுன்னுதான சொன்னாங்க?”

வேந்தர் விண்ணப்பத்தை நீட்டினார். முப்பத்தோராண்டு நோயாளிகளின் கேஸ்ஷீட் எழுதிய கை அது. நாற்பது கேள்விகளையும் பதினொரு நிமிடத்தில் முடித்தது. முப்பத்தேழாம் கேள்விக்கு நேரே, ‘போவேன். கூப்பிட்டா போகணும்ல’ என்று எழுதியிருந்தது. வேந்தர் பெருமூச்செறிந்து ஒரு மதிப்பெண் குறைத்தார். வேறு வழியின்றி, தற்காலிக உறுப்பினர் என்னும் தகுதியில், நோய் தீர்ப்போர் வரிசையின் கடைக்கோடியில் சேர்த்துக்கொண்டார். புனைபெயர் யாது என்று கேட்டபோது மாமியார் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ‘சிஸ்டர்’ என்று போடச் சொன்னார்.

இருபத்தைந்து நிறைந்தது! இனி வேந்தர் செய்தது யாது? வாள் தீட்டினாரா? களம் புகுந்தாரா? இல்லை, அவர் எக்செல் திறந்தார். வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாளும், மதிய உணவு இடைவேளையிலும் மாலையிலும், நாகத்தின் தலைவாரியாக அட்டவணை, வீரர்வாரியாக வண்ணம், நிமிடவாரியாகக் கட்டளை என்று அறுபத்திரண்டு பக்கப் போர்த்திட்டம் வகுத்தார். அதன் முகப்பில் பொறிக்கக் கழுகு ஒன்றை வரைந்தார். அது வாத்தைப் போல் வந்ததால் மீண்டும் வரைந்தார். அம்மூன்று நாளில் ஒரு முறையேனும் அவர் விளையாட்டுக்குள் நுழையவில்லை. துணைத்தலைவராகிய பல் ஆஸ்பத்திரி வரவேற்பாளர், இரும்புப்பல் என்னும் புனைபெயரினர், ‘தலைவா, உடனே உள்ள வாங்க’ என்று ஒன்பது முறை செய்தி விடுத்தார். அச்செய்தியைப் படிக்க விளையாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதை யார் நினைத்தார்?

அதே மூன்று நாளில், அடுத்த அறையில், காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு சிஸ்டர் டேப்லட்டில் மூலிகை பறித்தார். பறித்து, காய்ச்சி, புட்டியில் அடைத்துக் களஞ்சியத்தில் அடுக்கினார். அது போதாதென்று ஒவ்வொருவரையும் விசாரிக்கவும் தொடங்கினார். எப்போதும் முதலில் சாகிற லாரி ஓட்டுநரிடம், “ஏம்ப்பா, சாப்ட்டியா? வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான ஆடுற?” என்றார். படையில் இரண்டாண்டாய் இருக்கும் அந்த மனிதரை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டது அதுவே முதல் முறை. ஞாயிறன்று யாருக்கு எப்போது வேலை, யார் வீட்டில் குழந்தை எப்போது தூங்கும் என்றெல்லாம் கேட்டு ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டார். அந்த ஒரு பக்கம்தான் அவருடைய போர்த்திட்டம்.

புலர்ந்தது ஞாயிறு. நண்பகல் கடந்தது. முரசு முழங்கியது என்று பாடவே ஆசை, முழங்கியது வாஷிங்மெஷின்தான்.

“என்னங்க, துணி முடிஞ்சிருச்சு. எடுத்துக் காயப்போடுங்க, வெயில் போயிடும்” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“இரு” என்றார் வேந்தர். அரைமணி கழித்து அக்குரல் மீண்டும் வந்தது. “இரு, இரு” என்றார்.

மூன்று மணி நாற்பத்தாறு நிமிடம். அறுபத்திரண்டு பக்கங்களையும் அச்சிட்டு இடப்புறம் அடுக்கி, குளிர்நீர் பாட்டிலை வலப்புறம் நிறுத்தி, விரல்களைச் சொடுக்கி, கவசம் பூண்ட மார்பு நிமிர, வாத்தோ கழுகோ என்று ஐயுறத்தக்க கொடியை மனத்தில் ஏந்தி, இருபத்து நான்கு நெஞ்சங்கள் ‘தலைவா’ என்று ஆர்ப்பரிக்கும் ஒலியை முன்கூட்டியே செவியில் மாந்தியபடி, பேரிடிவேந்தர் தம் கடவுச்சொல்லைத் தட்டினார்.

‘நீங்கள் எந்தப் படையிலும் உறுப்பினர் இல்லை’ என்றது திரை.

மீண்டும் தட்டினார். மீண்டும் அதையே சொன்னது. கீழே சிறிய எழுத்தில் காரணமும் இருந்தது: மூன்று முழு நாள் வராமை. தானாகவே முடித்துவைக்கப்பட்டது. அந்த வாசகம் அவர் எழுதியது. முற்றுப்புள்ளியும் அவர் வைத்ததே. அதற்கும் கீழே, புதிய தலைவர்: சிஸ்டர்.

பலருக்குச் செய்தது தமக்கு நேரும்போதுதான் அதன் வலி தெரிகிறது. நமது வேந்தருக்கு அப்போது தெரிந்தது. வெல்டிங் தொழிலாளியின் முகம், அவர் பார்த்தேயிராத அம்முகம், ஏனோ கண்முன் வந்தது. உடனே அதை விரட்டிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

“அத்தை! என்னச் சேருங்க! பதினாலு நிமிஷந்தான் இருக்கு!”

மாமியார் கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கிப் பார்த்தார். “ஆமா மாப்பிள்ளை, ஒரு ஆள் கொறையுது. சேக்கலாம். ஆனா நாப்பது கேள்வி இருக்கே?”

“அதுக்கு நேரம் ஏது அத்தை?”

“அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த முப்பத்தேழாவது. வீட்டுல கூப்பிட்டா எந்திரிச்சுப் போவீங்களா?”

கேட்டீரோ உலகத்தீரே! தாம் வகுத்த வினா, தாமறிந்த விடை! வேந்தரின் மார்பு மூன்றங்குலம் விரிந்தது. “இடி வீழினும் எழேன்! இல்லம் சரியினும் எழேன்! உயிரே போயினும் நாற்காலி நீங்கேன்!” என்று சூளுரைத்தார்.

“என்னங்க, துணி!” என்றது சமையலறை.

“இருன்னு சொல்றேன்ல!” என்றார் வேந்தர்.

டேப்லட்டின் ஒலிவாங்கி வழியே இருபத்து மூன்று பேரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மாமியார் கோபப்படவில்லை, வார்டில் காய்ச்சல் அளவைப் படிப்பது போன்ற குரலில்தான் சொன்னார்.

“கூப்பிட்டா வராத ஆள நான் வார்டுல வெச்சுக்கிட்டதே இல்ல மாப்பிள்ளை. தப்பா நெனச்சுக்காதீங்க.” பிறகு கழுத்தைத் திருப்பி, “ஏய், இங்க கொஞ்சம் வாடி” என்றார்.

“இதோ வரேம்மா” என்று மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

அதுவே அவரது விண்ணப்பம், அதுவே நேர்காணல். வாசலில் தீவட்டி பிடித்து நிற்க ஓர் ஆள் போதும் என்று தாயார் சொல்ல, மகள் கைப்பேசியைத் திறந்து மூன்று நிமிடத்தில் இருபத்தைந்தாம் வீரர் ஆனார்.

நான்கு மணிக்குக் கடலடிக் கோட்டையின் கதவு பிளந்தது. ஏழு தலைகளும் ஏழு திசையில் சீறின. லாரி ஓட்டுநர் முதல் முறையாகச் சாகாமல் நின்றார். இரும்புப்பல் இடப்பக்கம் பாய, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்த ஒருத்தி வலப்பக்கம் வளைய, “யாருக்கு முடியலையோ கைய தூக்குங்க, மருந்து வருது” என்று சிஸ்டரின் குரல் களம் முழுதும் சுற்றிவர, நாலேகால் மணிக்கு நான்காம் தலையும், நாலரைக்கு ஆறாம் தலையும் உருள, கடைசித் தலை சாய்ந்தபோது எழுந்த பேரொலி சுவரைத் துளைத்து, கூடத்தைக் கடந்து, அறுபத்திரண்டு பக்கங்களைக் கக்கத்தில் இடுக்கியபடி கூடத்து நடுவே நின்றிருந்த அந்த மாமன்னரின் செவியை அடைந்தது. ‘தலைவி! தலைவி!’ என்றது அவ்வொலி. அவருக்குக் கண் கலங்கிற்று; கூச்சமின்றிச் சொல்லிவிடுவோம், நன்றாகவே கலங்கிற்று. உள்ளே போய் வாழ்த்தலாமா என்று எண்ணி ஓரடி வைத்தார். தீவட்டி பிடித்த கையோடு இருந்த மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவரை அழைத்தார்.

அவர் போய்த் துணியைக் காயப்போட்டார்.