திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்

என்னை மாற்றுவதற்காக என் கம்பெனி ஆறு மாதங்களையும் ஓர் அம்மையாரையும் ஒதுக்கியது. ஆறு மாத முடிவில் அம்மையார் கொஞ்சம் மாறியிருந்தார். பேசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்ளும் புதுப் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. நான் அப்படியேதான் இருந்தேன். இதை ஒப்புக்கொள்ள, ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு நான்கு வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

பூனாவுக்குப் பக்கத்தில், தளேகாவில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பது, எழுதியபடி செய்கிறார்களா என்று பார்ப்பது, செய்யாவிட்டால் அதையும் எழுதிவைப்பது. முப்பத்தோரு வருடம் இதுதான் பிழைப்பு. ஒரு போல்ட் கீழே விழுந்தால் யார் குனிந்து எடுக்க வேண்டும் என்பதற்குக்கூட என்னிடம் நடைமுறை இருந்தது. (எடுக்க அனுமதி கோரும் படிவம் தனி, எடுத்துவிட்டதைத் தெரிவிக்கும் படிவம் தனி.) என் சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். எந்தக் காகிதம் மேசைக்கு வந்தாலும் கை தானாக அதை உருவிவிடும்.

எனக்குக் கீழே பாட்டீல் என்ற பெண் அதிகாரி இருந்தார். முப்பத்தைந்து வயது, படு கெட்டிக்காரர். இயந்திரம் நின்றுபோனால் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கும் பதிவேடு ஒன்று எங்களிடம் இருந்தது. ஐந்தாவது கையெழுத்து விழுவதற்குள் இன்னொரு இயந்திரம் நின்றுவிடும். அதற்குப் பதிலாக, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியே கைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்று பாட்டீல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். பக்க எண் கீழே நடுவில் இல்லாமல் வலது ஓரத்தில் இருந்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை இணைப்புக்கு எண் இல்லை. திருப்பி அனுப்பினேன். ஒன்பதாவது முறை எல்லாமே சரியாக இருந்தது. ஆனால் அதற்குள் தேதி பழையதாகிவிட்டிருந்தது. திருப்பி அனுப்பினேன்.

ஒருநாள் எம்.டி. கூப்பிட்டனுப்பினார். முதலாளியின் மகன், என்னைவிட இருபது வயது இளையவர். (அவர் பேசியது மராத்தி தாளித்த ஆங்கிலம். இங்கே எல்லோரையும் என் வசதிக்குத் தமிழில் பேசவைத்திருக்கிறேன்.)

"சாஹேப், பாட்டீல் வெளிய வேலை தேடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க இல்லாம புது லைன் ஓடாது. நீங்க கொஞ்சம் மாறணும். ஒரு கோச் வருவாங்க, ஆறு மாசம். பாட்டீல் இருந்தா உங்களுக்கும் ரெண்டு வருஷம் நீட்டிப்பு. பாட்டீல் போயிட்டா..."

மீதியைச் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மெயின் கேட் தெரிந்தது.

அந்த இரண்டு வருடம் எனக்கு உயிர். பூனாவின் ஔந்த் பகுதியில் இருக்கும் என் வீட்டில் எனக்குக் கீழே வேலை செய்ய ஆளில்லை. மனைவி கோமதி சுற்றறிக்கைகளை ஏற்பதில்லை.

கோச்சின் பெயர் மிருணாள். நாற்பது வயது இருக்கும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வார், அதைத் திறக்கவே மாட்டார். முதல் சந்திப்பிலேயே, "உங்களுக்கு எதைக் கண்டா பயம்?" என்று கேட்டார். கேள்வியை எழுத்தில் தரச் சொன்னேன். சந்திப்பு முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பு தயாரித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"சார், இதெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும்."

'நமக்குள் இருக்கட்டும் என முடிவு செய்யப்பட்டது' என்று அதையும் சேர்த்து எழுதினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாலாவது மாதம் அந்த அம்மாள் சாதாரணமாகக் கேட்டார்: "எல்லாத்தையும் திருத்துறீங்களே, ஒரு தடவை திருத்தாம விட்டா என்ன ஆகும்?" விதி எண்ணைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அப்புறம் இந்த ஆள் எதுக்குன்னு கேப்பாங்களே" என்று வந்தது. அந்தச் சந்திப்புக்கு மட்டும் குறிப்பு கிடையாது.

கடைசி மாதத்துக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார். என் பிரிவு ஆட்கள் பேசுவார்கள், நான் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம். நான் சொல்ல அனுமதி இரண்டே வாக்கியங்கள்: 'நன்றி', 'இன்னும் சொல்லுங்கள்'. உடனே சுற்றறிக்கை விட்டேன். பொருள்: மனம் திறந்து பேசுதல். அனைவரும் தத்தம் மனம் திறந்த கருத்துகளை இணைப்பில் உள்ள படிவத்தில், மூன்று பிரதிகளில், புதன்கிழமைக்குள் என் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்.

மிருணாள் கண்ணை மூட ஆரம்பித்தது அன்றுதான்.

"எல்லாரும் வேண்டாம், சார். பாட்டீல் மட்டும் போதும். அந்தச் சிவப்புப் பேனாவ இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். (இன்னொன்று இருந்தது. மாற்றுச் சாதனம் இல்லாத நடைமுறை நடைமுறையே அல்ல.)

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கோமதி நெல்லைக்காரி. பூனாவில் முப்பது வருடம் இருந்தும் அவள் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை.

"ஒரு மணி நேரம் பேசாம இருக்கப் போறியளா? தாலி கட்டும்போதே ஐயர நிறுத்தி, மூணாவது முடிச்ச யாரு போடணும்னு விதி கேட்டவுக நீங்க."

"நித்யாவக் கூப்பிடு. அவ பேசட்டும், நான் கேக்குதேன்."

மகள் நித்யா ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தமிழ் அவளுக்கு வாடகை வீடு மாதிரி, ஆணி அடிக்கத் தயங்குவாள்.

"அப்பா, ஐகா நா, கொஞ்சம் கேளுங்க. டெய்லி ட்ராஃபிக்ல ரெண்டு அவர் போகுது. நான் ஆஃபீஸ் பக்கத்துல, வாகட்ல ஒரு ஃப்ளாட் பாக்குறேன். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கூட."

"நன்றி," என்றேன்.

"கோவம் இல்லையா?"

"இன்னும் சொல்லு."

"அவ்ளோதான் அப்பா."

"வாடகை ஒப்பந்தத்த முதல்ல பதிவு பண்ணணும். போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாம சாவி வாங்கக் கூடாது. ஃப்ளாட் சொசைட்டியோட தடையில்லாச் சான்று..."

கோமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாப்பது செகண்டு."

அந்த நாள் வந்தது. மீட்டிங் அறையில் பாட்டீல் எனக்கு எதிரே உட்கார்ந்தார், மிருணாள் மூலையில். முதல் பத்து நிமிடம் வானிலை, கேன்டீன், மும்பை ரோடு நெரிசல். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"சாஹேப், மூணு வருஷமா நான் எது அனுப்பினாலும் சிவப்பாத் திரும்பி வருது. போன வாரம் என் பொண்ணு நோட்டுல டீச்சர் ஒரு டிக் போட்டிருந்தாங்க. ரெண்டாங் கிளாஸ் படிக்கிற பொண்ணு. அவளப் பாத்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

கை சட்டைப்பைக்குப் போனது. பிடித்து மேசை மேல் வைத்தேன்.

"நன்றி. இன்னும் சொல்லுங்க."

சொன்னார். என் கையெழுத்துக்காகக் காத்திருந்த பதினோரு நாளில் ஒரு இயந்திரம் நின்றது நின்றபடி இருந்ததைச் சொன்னார். என் அறை வாசலில் நின்று, தலைப்பு சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவதாகச் சொன்னார். ஐம்பது நிமிடம். ஒரு சொல் திருத்தவில்லை நான். மிருணாள் முதல் முறையாக நோட்டைத் திறந்தார். நானே என்னை வியந்துகொண்டிருந்தேன்.

பாட்டீல் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இதக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். இப்ப வேண்டாமோன்னு தோணுது. ஆனா நீங்க ஒரு தடவை படிங்க."

ராஜினாமா. ஒரே பக்கம். படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கியது நிஜம். படித்து முடித்தபோது என் வாயில் ஒரே சொல்தான் இருந்தது: 'போகாதீங்க'. அது இரண்டு வாக்கியப் பட்டியலில் இல்லை. அனுமதியில்லாத வாக்கியத்தைச் சொல்லலாமா என்று மிருணாளைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த இரண்டு விநாடி போதுமாக இருந்தது கைக்கு.

குனிந்து பார்த்தபோது உள்பையிலிருந்த இரண்டாவது பேனா வேலையை முடித்திருந்தது. பார்வை எண் இல்லை என்று ஒரு வட்டம். அறிவிப்புக் காலத்தின் விதிப் பிரிவு தவறு என்று ஓர் அடிக்கோடு. கீழே, முப்பத்தோரு வருடக் கையெழுத்தில், 'திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்'. பக்கத்தில் என் சுருக்கொப்பம். கடிதத்தை அவர் பக்கமாகத் தள்ளியும் விட்டிருந்தேன்.

பாட்டீல் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"எத்தனை பிரதி, சாஹேப்?"

இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான், "மூணு" என்றேன்.

மிருணாள் கண்ணை மூடினார். நான் அறையைவிட்டுப் போகும்வரை திறக்கவில்லை.

மறுநாள் காலை மூன்று பிரதிகள் வந்தன. அப்பழுக்கற்ற கடிதம், திருத்த ஒரு புள்ளி இல்லை. பாட்டீலுக்கு நான் போட்ட முதல் டிக் அதில்தான். மூன்றாம் பிரதி நடைமுறைப்படி எம்.டி.க்குப் போக வேண்டும். நானே அனுப்பினேன். நடைமுறைப்படியே, என் சிவப்புத் திருத்தங்கள் உள்ள முந்தைய வடிவத்தையும் இணைத்து.

மத்தியானம் எம்.டி. பாட்டீலைக் கூப்பிட்டுப் பேசினார். ராஜினாமா வாபஸ் ஆனது. பாட்டீல் தரப் பிரிவுக்குத் தலைவர் ஆனார். எனக்கு நீட்டிப்பு கிடையாது. மீதமிருந்த நான்கு மாதமும் நான் அவருக்குக் கீழே வேலை செய்தேன். மிருணாள் அவருக்குக் கோச்சாகத் தொடர்ந்தார்.

கோச்சிங் எல்லாம் வெட்டி வேலை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஷாப் ஃப்ளோரில், இயந்திரங்களுக்கு நடுவே, நாலு பேர் முன்னால் பேசவே கூசிய பாட்டீல், அந்த நான்கு மாதத்தில், ஒரு ஃபோர்மேனிடம் "எனக்குத் தெரியல, நீங்க சொல்லுங்க" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். ஃபோர்மேன் அரை மணி நேரம் சொன்னார். ஐந்து கையெழுத்துப் பதிவேடு பழைய பேப்பருக்குப் போனது. மருந்து நல்ல மருந்துதான். எனக்குத்தான் உள்ளே இறங்கவில்லை.

கடைசி நாள் பாட்டீல் ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தார். உள்ளே சிவப்புப் பேனா, மிருணாள் என்னிடமிருந்து வாங்கிவைத்திருந்த அதே பேனா.

கோமதி கிண்டிக் கிண்டிக் கேட்டு முழுக் கதையையும் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் செய்தி வந்தாலும் ஒரே கேள்விதான். பால் திரிந்துபோச்சு. எத்தனை பிரதி? ஊரில் சித்தப்பா தவறிவிட்டார். (அதற்குக்கூட.) எத்தனை பிரதி? நானும் சிரித்துவிடுவேன். வேறென்ன செய்ய?

நான் ஓய்வுபெற்ற மறுமாதம் நித்யா வாகட் கிளம்பினாள். ஒப்பந்தம் பதிவாகியிருந்தது, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்திருந்தது, சான்று கையில் இருந்தது. எல்லாம் சரி. கடைசிப் பெட்டியை லிஃப்டில் வைத்துவிட்டு, கதவைக் காலால் தடுத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"நான் போறேன் அப்பா. எத்தனை பிரதி?"

கோமதி சிரித்தாள். என் வாயில் ஒரே சொல்தான் இருந்தது. இந்த முறை எந்தப் பட்டியலும் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"மூணு," என்றேன்.